மோட்டார் சைக்கிள் இன்ஜினில் புதிதாகச் சத்தம் கேட்டால்: பிரிக்கக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

நீடாமங்கலத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே தினமும் போய்வரும் என் 100 சிசி வண்டியில் ஒரு நாள் காலை, ஸ்டார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்று புதிதாக ஒரு சத்தம் கேட்டது. அதன் உண்மையான காரணத்தை அறிய எனக்கு ஏழு வாரம் பிடித்தது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவும் ஆயிற்று. முதலில் காட்டிய பட்டறையில் டாப்பெட் (இன்ஜின் வால்வுகளைத் தட்டித் திறக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றியது. ஆனால் அடுத்த வாரமே காலை நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறியது. இரண்டாவது பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை என்று கூறி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பிரித்து வால்வு வேலை செய்து 4,800 ரூபாய் வாங்கினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது, சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் வலங்கைமான் பக்கத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சைலன்சர் குழாய் ஹெட்டுடன் சேரும் இடத்தை விரலால் காட்டினார். அந்த இணைப்பின் ஓரத்திலிருந்து கறுப்புக் கரி விசிறியைப் போலப் படர்ந்திருந்தது. “தம்பி, சத்தம் ஹெட்டுக்குள்ள இல்ல, ஹெட்டுக்கு வெளியில இருக்கு” என்றார். அந்த இணைப்பை அடைக்கும் நாற்பது ரூபாய் பேக்கிங் ஒன்றை மாற்றினார். இருபது நிமிடத்தில் சத்தம் நின்றது.

முதல் பட்டறையில் டாப்பெட்டை அளவுக்கு மேல் இறுக்கியதால்தான் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் குறைந்தது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. இல்லாத கோளாறுக்குச் செய்த வேலை ஒரு புதிய கோளாறை உண்டாக்க, அந்தக் கோளாறுக்காக நான் இன்னொரு முறை பணம் கொடுத்திருக்கிறேன். புதிதாக வண்டி வாங்கியவர்களும் இன்ஜினைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் இதே வழியில் அலையக்கூடாது என்பதற்காக, நான் பிறகு கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். இது 100 முதல் 160 சிசி வரையுள்ள, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பொருந்தும்.

1. ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்த அடி கேட்டு, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அது வலுத்தால், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். உலோகம் உலோகத்தை உரசும் கறகறப்பு திடீரென்று வந்தாலும், சத்தத்தோடு வண்டியின் இழுவை குறைந்தாலும், அடியில் ஆயில் சொட்டினாலும் இதையே செய்ய வேண்டும். ‘இன்னும் நான்கு கிலோமீட்டர்தான், வீடு வந்துவிடும்’ என்று ஓட்டுவது பெரிய தவறு. பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஓட்டத்தில் உடைந்தால், இன்ஜினின் வெளிக்கூடான கேசையே குத்திக் கிழித்துவிடும். இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கேசில்தான். அதை மாற்ற நேர்ந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் ஆர்.சி.யிலும் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். வண்டியை ஏற்றிக்கொண்டு போகக் குட்டி யானைக்கு (சிறிய சரக்கு வேனுக்கு) கொடுக்கும் சில நூறு ரூபாய் வாடகை இவை எல்லாவற்றையும் விடக் குறைவு.

மாறாக, சில சத்தங்கள் கோளாறே அல்ல. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ‘டிங் டிங்’ என்று கேட்பது, சூடான சைலன்சரும் இன்ஜினும் ஆறிச் சுருங்கும்போது வருவது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகள் பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ளவை. அவற்றில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்காரமிடும்; இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டரிலிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ தொடர்ந்து கேட்கும். கார்புரேட்டர் வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் புது வண்டி எடுத்ததும் இதைக் கேட்டு அஞ்சிப் பட்டறைக்குப் போகிறார்கள். அதே மாடல் வண்டி அக்கம்பக்கத்தில் இருந்தால் அதன் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள்.

2. ஆயிலைப் பாருங்கள்

எந்தச் சத்தமானாலும் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் ஆயில்தான். 100, 110 சிசி வண்டிகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் என்பதால், கால் லிட்டர் குறைந்தாலும் அது பெரிய குறைவு. வண்டியை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் மூன்று நிமிடம் பொறுத்து, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நேராக நிறுத்திய பிறகே அளவு பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்க்கும் அளவு பயன்படாது. பல வண்டிகளில் அளவுக் குச்சியைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் முழுதும் திருகிப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கிறது.

குச்சியில் ஒட்டிய ஆயிலின் நிறத்தையும் கவனியுங்கள். கறுத்திருப்பது இயல்பு. டிகிரி காப்பியின் நிறத்தில் பாலாடைபோல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் நேராக 7ஆம் பகுதிக்குப் போங்கள். அடுத்து, கடைசியாக ஊற்றிய ஆயில் எது என்பதைப் பில்லில் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. ஆகவே டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற தரக்குறியும், கையேட்டில் சொன்ன 10டபிள்யூ-30 போன்ற எண்ணும் இருக்க வேண்டும். வீட்டில் மீந்திருந்த கார் ஆயிலையும் டிராக்டர் ஆயிலையும் ஊற்றுவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. கிளட்ச் வழுக்குவதும் சத்தம் மாறுவதும் அதிலிருந்தே தொடங்கலாம்.

அளவு குறைந்திருந்தாலோ மாற்றும் காலம் கடந்திருந்தாலோ, சரியான ஆயிலை மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மாற்றும்போது பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். சுத்தமான தட்டில் வடியவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். துணியில் தங்கிய மினுமினுப்பு காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு: பேரிங்கோ கியரோ தேய்கிறது. வெள்ளி நிறமாக இருந்தும் காந்தத்தில் ஒட்டாதது அலுமினியம்: பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறத் துகள், தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷிலிருந்து வருவது. ஒன்றிரண்டு பொடித் துகள் இருப்பதால் அஞ்ச வேண்டாம். செதில் செதிலாக இருந்தால் ஓட்ட வேண்டாம். அந்தத் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் காட்டலாம்.

3. சத்தம் எப்போது வருகிறது என்பதை எழுதுங்கள்

நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது. ‘இன்ஜினில் சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொன்னால், அன்று பட்டறையில் இருப்பவருக்கு எது தோன்றுகிறதோ அதுவே காரணமாகிவிடும். ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதுங்கள். இரண்டு காலைகளும் ஒரு மாலையும் போதும்.

இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் வருகிறதா, சூடேறியபின் குறைகிறதா, கூடுகிறதா? நியூட்ரலில் நிற்கும்போதே கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா? ஆக்சிலேட்டரைத் திருகும்போதா, சட்டென்று விடும்போதா? நியூட்ரலில் கிளட்ச்சை முழுதும் பிடித்தால் மறைகிறதா, அல்லது பிடித்தால்தான் வருகிறதா? தனியாகப் போகும்போது இல்லாதது, பின்னால் ஆள் ஏறினாலோ நெல் மூட்டை வைத்தாலோ வருகிறதா? நம் ஊர்ச் சாலைகள் சமதளமானவை என்பதால் இன்ஜினுக்குச் சுமை ஏறும் இடம் பாலங்களின் ஏற்றம்தான். வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது வந்து, இறங்கும்போது நின்றால், அதை அப்படியே எழுதுங்கள்.

ஓடும்போது வரும் சத்தம் இன்ஜினுடையதா, சக்கரத்தினுடையதா என்பதைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆளில்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் அடங்கிய பிறகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப அதே சத்தம் தொடர்ந்தால், கோளாறு செயினிலோ சக்கர பேரிங்கிலோ பிரேக்கிலோ இருக்கிறது. இன்ஜினைத் தொடவே வேண்டாம். இன்ஜினோடு சேர்ந்து அடங்கினால் அடுத்த படிகளுக்குப் போகலாம். ஓடும் வண்டியில் சாவியை அணைத்துச் சோதிப்பவர்களும் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள்.

கேட்பதற்கு ஏற்ற இடமும் தேவை. வயல்வெளியில் சத்தம் பரவிக் கரைந்துவிடும். ரைஸ் மில்லின் நீண்ட காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்குத் தெளிவாக வரும். ஒரு முறை வலப்பக்கமும் ஒரு முறை இடப்பக்கமும் சுவர் இருக்குமாறு போனால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். செல்போனிலும் பதிவு செய்யுங்கள்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது, சூடான பின் நியூட்ரலில் நிற்பது, கிளட்ச் பிடித்து விடுவது என்று மூன்று பதிவுகள், ஒவ்வொன்றும் அரை நிமிடம். சத்தத்தின் அளவைச் செல்போன் தானே சமப்படுத்திவிடும் என்பதால் கூடியதா குறைந்ததா என்பதைப் பதிவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பட்டறைக்குப் போனதும் சத்தம் வராமல் போகும் நாளில் அந்தப் பதிவு உதவும்.

4. இன்ஜினுக்கு வெளியே உள்ளவற்றை விலக்குங்கள்

வண்டி ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள்: சைலன்சர் மூடி, சைலன்சர் கிளாம்பு, லெக் கார்டு, சேலை கார்டு, நம்பர் பிளேட், சென்டர் ஸ்டாண்டின் ஸ்பிரிங், இன்ஜினைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து, இன்ஜினுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கும்.

செயினின் கீழ்ப்பகுதியின் நடுவில் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும்; சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் பாருங்கள். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் சாலையெங்கும் வைக்கோலும் நெல்லும் பரப்பிக் கிடக்கும். அந்த வைக்கோல் பின்சக்கர அச்சிலும் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடிக்குள்ளும் சுற்றி, கிரீஸோடு சேர்ந்து கயிறுபோல இறுகிவிடும். என் நண்பர் ஒருவருக்குக் ‘கியர் பாக்ஸ் போய்விட்டது’ என்று சொல்லப்பட்ட கறகறப்பு, அந்த மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்ததும் நின்றது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளுக்குச் செயினும் கிளாம்புகளும் விரைவில் துருப்பிடிக்கும். அங்கே இருப்பவர்கள் இந்தப் படியில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். வயல் வரப்பில் ஓடும் வண்டிகளில் சிலிண்டரைக் குளிரவைக்கும் வெளிப்புறப் பிளேடுகளுக்கிடையே அப்பிக் காய்ந்த சேற்றையும் அகற்றுங்கள். அது இருக்கும்வரை இன்ஜின் கூடுதலாகச் சூடாகும்.

பிறகு, என்னை அலைக்கழித்த சைலன்சர் பேக்கிங். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வு ஒரு முறை திறக்கும்; புகையும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெளியேறும். ஆகவே டாப்பெட் சத்தமும் பேக்கிங் கசிவுச் சத்தமும் ஒரே தாளத்தில் வருகின்றன. காதால் மட்டும் பிரிக்க முயன்றால் தேர்ந்தவர்களும் ஏமாறுவார்கள். பிரிக்கும் வழி கண்ணில் இருக்கிறது. குழாய் ஹெட்டுடன் சேரும் இடத்தில் கரி படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது சோப்பு நீரை அந்த இணைப்பில் தெளித்து ஸ்டார்ட் செய்தால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். கசிவு பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் அதிகமாகக் கேட்டு, குழாய் சூடேறி விரிந்ததும் குறையும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பதும் அதன் அடையாளம். இவை அனைத்தையும் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டால், வெளியேறும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து.

5. இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால், அந்த இடத்துச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். டாப்பெட் மூடி, சிலிண்டரின் பக்கவாட்டில் டைமிங் செயின் ஓடும் பகுதி, கிளட்ச் மூடி, மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) மூடி, அடிக் கேஸ் என ஐந்து இடங்களில் வைத்துக் கேட்டு, எங்கே மிகத் தெளிவு என்பதைக் குறியுங்கள். துண்டையும் சட்டையின் தொங்கலையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். செயினுக்கும் சைலன்சருக்கும் அருகில் தலையைக் கொண்டுபோக வேண்டாம். டாப்பெட் மூடியில் வைத்தபோது சத்தம் பெரிதாகவில்லை என்றால் அது டாப்பெட் அல்ல. என் வண்டியில் யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை.

6. குறிப்புகள் எதைக் காட்டுகின்றன

ஹெட்டில், எல்லா வேகத்திலும், சீராக ‘டிக் டிக்’ என்றால் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். இந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், உள் வால்வுக்கும் புகை வால்வுக்கும் வேறுபடலாம். இதை ஃபீலர் கேஜ் என்னும் தகட்டால் அளந்தே வைக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து ‘போதும்’ என்று இறுக்குபவரிடம் கொடுக்காதீர்கள். மெல்லிய சத்தம் கேட்கும் டாப்பெட்டால் கெடுதல் குறைவு. சத்தமே இல்லாமல் இறுகிய டாப்பெட் வால்வைக் கருக்கிவிடும். இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும், 35 டிகிரிக்குக் கீழே என்பது சில தயாரிப்பாளர்களின் கணக்கு. மே மாதப் பிற்பகலில் நிழலில் நின்ற வண்டிகூட நம் ஊரில் அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியவுடன் டாப்பெட் வைத்துத் தருபவரை நம்ப வேண்டாம்.

சிலிண்டரின் பக்கவாட்டில் சலங்கைபோல ‘சல சல’ என்று கேட்டு, ஸ்டார்ட் செய்தவுடனோ ஆக்சிலேட்டரை விடும்போதோ கூடினால், டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன. பல நேரங்களில் டென்ஷனர் மட்டும் சிக்கியிருக்கும். செயினை மாற்றுவதற்கு முன் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் கிளட்ச்சைப் பிடித்ததும் மறையும் சத்தம் கிளட்ச் கூடையிலிருந்தோ கியர் பாக்ஸ் பேரிங்கிலிருந்தோ வருவது. பிடித்தால் மட்டும் வருவது கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

பாலத்தில் ஏறும்போதும் மூட்டை ஏற்றி டாப் கியரில் மெதுவாகப் போகும்போதும் ‘கிலுகிலு’வென்று கண்ணாடிக் கோலி உருள்வதுபோலக் கேட்டால், பெட்ரோல் நேரம் தவறி எரிகிறது. முதலில் கியரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதில் நின்றுவிட்டால் ஓட்டும் முறைதான் காரணம். நிற்காவிட்டால் பெட்ரோல் நிரப்பும் இடத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்து, பிறகு உள்ளே படிந்த கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த நிலையில் மொத்தையாகத் தட்டி, சூடேறியதும் குறைந்தால் பிஸ்டனுக்கும், அது ஓடும் சிலிண்டர் துளையான போருக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. நீலப் புகையும் ஆயில் குறைவதும் சேர்ந்திருந்தால்தான் உடனடியாக வேலை தேவை. சத்தம் மட்டும் இருந்தால் பல மாதம் ஓட்டலாம். வார்ப்பிரும்பு உள்ளுறை கொண்ட சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்து (துளையைப் பெரிதாக்கி) 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று பெரிய பிஸ்டன் போடலாம். பூச்சு பூசிய அலுமினியச் சிலிண்டரை அப்படிப் போர் செய்ய முடியாது. பிளாக்கும் (சிலிண்டரும்) பிஸ்டனும் சேர்த்து மாற்ற வேண்டும். உங்களுடையது எது என்று முன்பே கேளுங்கள்.

அடிக் கேசிலிருந்து வரும் கனத்த அடி, ராடு பேரிங். இங்கே ஒரு ஏமாற்று வழியைச் சொல்லியாக வேண்டும். சிலிண்டரைக் கழற்றிய பிறகு ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி, ‘பாருங்கள், ராடு போய்விட்டது’ என்பார்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் இருந்தால்தான் பேரிங் தேய்ந்திருக்கிறது. உங்கள் கையாலேயே மேலும் கீழும் அசைத்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

7. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்தால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து சாலையில் தண்ணீர் ஓடும்போது வண்டி நின்றுவிட்டால், செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள், கிக்கரையும் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் அதை அழுத்த முயன்றால் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பின்னரே மெதுவாக உதைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் வெளுத்திருந்தால் வடித்து, புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மீண்டும் ஊற்ற வேண்டும். அதற்கு இரண்டு முறை ஆயில் செலவு ஆகும். ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் சிறிது வெண்படலம் இருந்து, குச்சியில் ஆயில் தெளிவாக இருந்தால், அது குறைந்த தூரமே ஓடும் வண்டியில் படியும் ஈரம், கவலை வேண்டாம்.

முழுக் காப்பீடு எடுத்திருந்தால் வண்டியைத் தொடுவதற்கு முன் தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்று பதிவானால், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டணம் கட்டாதவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்படுவது வழக்கம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

8. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவை

ஆர்.சி. நகல், வண்டியோடு வந்த கையேடு, சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், 3ஆம் படியில் எழுதிய தாள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்கே போங்கள். வெளியில் ஒரு முறை இன்ஜினைப் பிரித்துவிட்டால் உத்தரவாதத்தைக் கேட்க முடியாமல் போகும். இலவச சர்வீஸ்களைக் குறித்த காலத்தில் செய்ததற்கான முத்திரை சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஜாப் கார்டில் (பட்டறை எழுதும் வேலைச் சீட்டில்) ‘இன்ஜின் சத்தம்’ என்று இரண்டு சொல்லில் எழுத விடாதீர்கள். ‘குளிர்ந்த நிலையில் ஹெட் பக்கம் டிக் டிக், கிளட்ச் பிடித்தாலும் மாறவில்லை, சூடானால் குறைகிறது’ என்று உங்கள் தாளில் உள்ளதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர் அளவு, மதிப்பீட்டுத் தொகை, ‘கூடுதல் வேலை தேவைப்பட்டால் கேட்ட பிறகே செய்ய வேண்டும்’, ‘மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். சிறிய பட்டறையில் ஜாப் கார்டு இருக்காது. அங்கே ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, அவர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படுவதில்லை. என்னுடைய தாளை வாங்கிப் படித்த வலங்கைமான் மெக்கானிக், அதைப் படித்த பிறகுதான் சைலன்சர் பக்கம் குனிந்தார்.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி அப்படியே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டி சோதனையிலும் சிக்கும், காப்பீட்டிலும் சிக்கும், விற்கும்போதும் சிக்கும். தவிர்க்கவே முடியாவிட்டால், அந்த இன்ஜினுக்குரிய பில்லை வாங்கி, போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்றே மாற்ற வேண்டும்.

9. செலவும் காலமும்

நான் அலைந்த மாதங்களில் கும்பகோணம், மன்னார்குடி, நீடாமங்கலம் பட்டறைகளில் 100, 110 சிசி வண்டிக்கு எனக்குச் சொல்லப்பட்ட தொகைகள் இவை. சைலன்சர் பேக்கிங் 40, கூலி 60 ரூபாய். ஆயில் மாற்ற 400 முதல் 500. டாப்பெட் வைக்க 100 முதல் 200. டைமிங் செயின், டென்ஷனர் கூலியோடு 1,000 முதல் 1,800. கிளட்ச் பிளேட் 900 முதல் 1,500. ஹெட் வேலை 3,000 முதல் 5,000. ராடு, போர், பிஸ்டன் எல்லாம் சேர்ந்த முழு இன்ஜின் வேலை 8,000 முதல் 13,000. உங்கள் வண்டிக்கும் ஊருக்கும் இவை மாறும்; ஆனால் வெளியே உள்ளதைச் சரிசெய்வதற்கும் உள்ளே பிரிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மாறாது. 2,000 ரூபாயைத் தாண்டும் எந்த வேலைக்கும் இன்னொரு பட்டறையில் கருத்துக் கேளுங்கள். பிரிக்காமல் கேட்டுச் சொல்வதற்கு 50, 100 ரூபாய் கொடுப்பது நியாயம்.

பேக்கிங், டாப்பெட், கிளட்ச் எல்லாம் ஒரே நாளில் முடியும். சிலிண்டர் அல்லது கிராங்க் லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு வாரத்தில் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள். கூட்ட நெருக்கடியில் அளந்து செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

10. வண்டியைத் திரும்ப வாங்கும்போது

குளிர்ந்த நிலையில் வரும் சத்தமானால், குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து கேட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மாலையில் சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ‘சரியாகிவிட்டது’ என்று கொடுத்தால், காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். பழைய பாகங்களையும், பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியே தொகை போட்ட பில்லையும் வாங்குங்கள். பெரிய மையமானால் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். முழு இன்ஜின் வேலை செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டி, அந்த ஆயிலை வடித்து, முன்போலத் துணியில் பாருங்கள்.

சொல்லாத வேலையைச் செய்து பணம் வாங்கினாலோ, பணம் வாங்கியும் கோளாறு அப்படியே இருந்தாலோ, முதலில் எழுத்தில் முறையிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் உள்ளன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. கோளாறு நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். எனக்கு இந்த வழி தெரிந்தபோது என்னிடம் ஜாப் கார்டும் இல்லை, பில்லும் இல்லை, கழற்றிய வால்வும் இல்லை. அதனால் 4,800 ரூபாயைக் கேட்க என்னால் முடியவில்லை. பில் தர மறுக்கும் இடத்தில் பணத்தை யு.பி.ஐ. மூலம் செலுத்தி, குறிப்புப் பகுதியில் வண்டி எண்ணையும் செய்த வேலையையும் எழுதி அனுப்புங்கள்.